எஞ்சிய கருக்களை ஆய்வுக்குக் கொடுப்பது: அதிலிருந்து மருந்து வந்தால் உரிமை யாருக்கு?

குடியாத்தம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் சோதனைக்குழாய் முறையில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது உருவான கருக்களில் எஞ்சியவற்றை ஐந்தாம் நாள் நிலையில் உறையவைத்து அங்கேயே பாதுகாத்து வருகிறார்கள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்துவிட்டோம். பாதுகாப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்திருப்பதால் மையத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். தொடர்ந்து பாதுகாக்கலாம், அழிய விட்டுவிடலாம், ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்று மூன்று வழிகள் அதில் உள்ளன. மூன்றாவதன் கீழே, கருக்களிலிருந்து ஸ்டெம் செல் வரிசைகள் உருவாக்கப்படலாம், அவை கூட்டு நிறுவனங்களுடன் பகிர்ந்துகொள்ளப்படலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது.

வீணாகப் போவதைவிட நாலு பேருக்குப் பயன்படட்டும் என்பது கணவரின் எண்ணம். மாமனாரோ, நம் வீட்டு வித்தை எவனோ விலைக்கு விற்பதா என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தோன்றுவதால்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கருக்களை என்ன செய்வார்கள்? அவற்றிலிருந்து ஒரு கம்பெனி மருந்து தயாரித்து விற்றால் எங்களுக்கு அதில் ஏதாவது உரிமை உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் கழியாது. கரு ஸ்டெம் செல்லால் அந்த நோய் குணமாகிறது என்று அவனுடன் வேலை செய்பவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் கருக்களைக் கொடுத்தால் அவனுக்கு முன்னுரிமை கிடைக்குமா?

செல் வளர்ப்பவன், காட்பாடி:

வணக்கம் அம்மா. நான் செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்பவன். இங்கே சொல்வது என் சொந்தக் கருத்து, நிறுவனத்தின் கருத்து அன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் ஸ்டெம் செல் என்றவுடன் எல்லோருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் நினைவுக்கு வரும். அந்தச் சிகிச்சை அங்கே 1986 முதல் நடந்து வருகிறது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைகளுடன் வங்காளத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களை ஊர் முழுக்கப் பார்க்கலாம். பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் 5 பேருக்குச் செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தபோதும் செய்தித்தாள்களில் ஸ்டெம் செல் என்றே படித்திருப்பீர்கள். அவையெல்லாம் நோயாளியின் உடலிலிருந்தோ, கொடையாளியின் உடலிலிருந்தோ எடுக்கும் இரத்த ஸ்டெம் செல்கள். அவை இரத்த அணுக்களை மட்டுமே உண்டாக்கும். கருவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

உங்கள் படிவம் சொல்வது வேறு. ஐந்து நாள் கருவில் ஏறத்தாழ நூறு செல்கள் இருக்கும். கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரிவது அரிது. அதன் உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு செல் திரளிலிருந்துதான் பின்னால் உடலின் எல்லா உறுப்புகளும் உருவாகின்றன. அந்தத் திரளைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் கரு அத்துடன் முடிந்துவிடும், ஆனால் செல்கள் எந்த உறுப்பாகவும் மாறாமல் பெருகிக்கொண்டே இருக்கும். ஒரே கருவிலிருந்து இப்படிப் பெருகிக்கொண்டே போகும் செல்களின் தொடரைத்தான் ஸ்டெம் செல் வரிசை என்கிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் 1998இல் இதை முதன்முதலில் மனிதக் கருவில் செய்து காட்டினார். 14 கருக்களிலிருந்து உள்திரளைப் பிரித்தெடுத்தும் 5 வரிசைகள்தான் தேறின. அவற்றுள் ஹெச்9 என்னும் வரிசை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கருவைக் கொடுத்த தம்பதி யார் என்று அதை வளர்ப்பவர்களுக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸ் நிறுவனமும் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் உருவாக்கியிருந்த வரிசைகள் 2001இலேயே அமெரிக்க அரசின் பட்டியலில் இடம்பெற்றன. பின்னர் பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் பிஜேஎன்ஹெம்19, பிஜேஎன்ஹெம்20 என்ற இரு வரிசைகள் உருவாயின. அவற்றுக்கு எடுத்துக்கொண்டவை, கருப்பைக்குள் வைக்கத் தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட கருக்கள். ஆகவே மையம் உங்களிடம் கேட்பது புதுமையும் அன்று, சட்டவிரோதமும் அன்று.

உங்கள் தம்பியைப் பற்றிய செய்தி பாதி உண்மை. ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டன் என்ற அறிவியலாளர், தம் மகனுக்கு முதல் வகை நீரிழிவு வந்த பிறகு அதுவரை செய்துவந்த ஆய்வை விட்டுவிட்டு இதில் இறங்கினார். ஸ்டெம் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்றும் வழியைப் பல ஆண்டு உழைப்பில் கண்டு, அதற்காக ஒரு நிறுவனமும் தொடங்கினார். வெர்டெக்ஸ் என்னும் பெரிய மருந்து நிறுவனம் 2019இல் அதை 95 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களுடைய சோதனையில் முழு அளவு மருந்து பெற்று ஓராண்டு கண்காணிக்கப்பட்ட 12 பேரில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவையில்லாமல் போனது. இந்த முடிவு 2025 ஜூனில் வெளியானது. செல்களைக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள்.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செல்கள் அந்நியருடையவை என்பதால், நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டாக வேண்டும். கட்டுக்குள் நீரிழிவு இருக்கும் ஓர் இளைஞருக்கு அந்த மாத்திரைகளின் ஆபத்து இன்சுலினைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அதனால்தான் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தும் உடல் எச்சரிக்கை காட்டாத நிலையில் இருப்பவர்களையே சோதனைக்கு எடுத்தார்கள். முன்னுரிமை என்பதற்கு இதில் இடமே கிடையாது. ஒரு வரிசையிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மருந்து தயாரிப்பதுதான் வணிகத்தின் அடிப்படை. யாருடைய கரு, யாருக்கு உறவு என்று அங்கே பார்ப்பதில்லை. உங்கள் கருவின் செல் தம்பியின் உடலோடு அப்படியே ஒத்துப்போகும் என்றும் எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் அதில் பாதி உங்கள் கணவருடையது.

வழக்கறிஞர், ராணிப்பேட்டை:

சகோதரிக்கு வணக்கம். நண்பர் அறிவியலைச் சொல்லிவிட்டார். உரிமை பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன்.

உங்கள் மாமனார் அஞ்சுகிற பொருளில் கருவை விற்க முடியாது. இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 கருக்களின் விற்பனையைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் மீறினால் சிறை. கருவை வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை உண்டு. தம்பதி தம் சொந்தத் தேவைக்கு உரிய அனுமதியுடன் கொண்டுசெல்வது மட்டுமே விலக்கு. பாதுகாக்கும் காலம் அதிகபட்சம் 10 ஆண்டுகள். அதன் பிறகு அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்தக் காப்பெல்லாம் கரு கருவாக இருக்கும் வரைதான். அதிலிருந்து செல் வரிசை பிறந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. நண்பர் குறிப்பிட்ட பெங்களூர் வரிசைகள் பிரிட்டனின் ஸ்டெம் செல் வங்கியில் முறையாக வைக்கப்பட்டிருக்கின்றன. கரு கடல் தாண்டக் கூடாது, செல் வரிசை தாண்டலாம். அந்த வரிசையைக் கொண்டு ஒருவர் புதிய செய்முறையைக் கண்டுபிடித்தால், காப்புரிமை கண்டுபிடித்தவருக்குத்தான் போகும், கொடுத்தவருக்கு அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுநெறிகளும் அறிவுசார் சொத்துரிமை கொடையாளியைச் சேராது என்றே கூறுகின்றன, ஆனால் வணிகப் பயன் வரக்கூடும் என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

இதற்கு அடியில் இருக்கும் வாதம் பழையது. ஜான் மூர் என்ற அமெரிக்கருக்கு இரத்தப் புற்றுநோய்க்காக மண்ணீரலை அகற்றிய மருத்துவர், அதன் செல்களிலிருந்து ஒரு வரிசையை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். மூர் வழக்குத் தொடுத்தார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல், அகற்றப்பட்ட செல்களின் மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தமக்கு வணிக நோக்கம் இருப்பதை மருத்துவர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பங்கு கிடையாது, தகவல் உண்டு என்ற இந்த ஏற்பாடுதான் இன்று பல நாடுகளின் படிவங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2009இல் வகுத்த விதி, ஆய்வின் முடிவுகளுக்கு வணிக மதிப்பு இருக்கலாம், கொடையாளிக்கு அதில் பணமோ வேறு பயனோ கிடைக்காது என்று படிவத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு முழு நியாயமாகப் படவில்லை. நிலத்தைக் கொடுத்தவனுக்கு வேலையாவது தருகிறோம் என்று சொல்லிப் பழகிய மாவட்டம் நம்முடையது. இங்கே அதுவும் இல்லை. என் வருத்தம் எப்படியிருந்தாலும் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

காப்புரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாம்சனின் கண்டுபிடிப்புக்கான உரிமைகள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளையிடம் இருந்தன. ஆய்வுக்குப் பணம் கொடுத்த ஜெரான் நிறுவனம் நரம்பு, இதயம், கணையச் செல்களுக்கான தனி உரிமத்தைப் பெற்றது. நுகர்வோர் அமைப்புகள் 2006இல் அந்தக் காப்புரிமைகளை எதிர்த்து மனுச் செய்து பல ஆண்டுகள் போராடின. ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. கருவை அழித்தால்தான் கிடைக்கும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 அக்டோபரில் கூறிவிட்டது. கருவை அழிப்பதை அந்த நீதிமன்றம் தடை செய்யவில்லை. அதை வைத்துத் தனியுரிமை கொண்டாடுவதை மட்டுமே தடுத்தது.

இனி உங்கள் படிவம். "கூட்டு நிறுவனங்கள்" என்ற சொற்களின் கீழ் நான் கையெழுத்துப் போட விடமாட்டேன். எந்த நிறுவனம், அதன் நெறிமுறைக் குழுவும் ஸ்டெம் செல் ஆய்வுக்கான குழுவும் அனுமதி கொடுத்த கடிதம் எங்கே, லாப நோக்குள்ள கம்பெனிக்குச் செல்களைக் கொடுப்பார்களா, உங்கள் பெயரும் மருத்துவக் குறிப்புகளும் செல்களுடன் போகுமா, எந்தக் கட்டம் வரை நீங்கள் மனம் மாறிக் கருக்களைத் திரும்பக் கேட்கலாம் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பொதுவாகச் செல்கள் பிரிக்கப்படும் வரைதான் பின்வாங்க முடியும். ஒப்புதலைக் கேட்பவர் உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவராகவே இருந்தால், வேறொருவர் முன்னிலையில் பேச வேண்டும் என்று சொல்லலாம். நன்றிக்கடனில் போடும் கையெழுத்து வேறு, விரும்பிப் போடும் கையெழுத்து வேறு. கணவரும் தனியாகக் கையெழுத்திட வேண்டும்.

பங்குப் பிள்ளை, வேலூர்:

நான் கத்தோலிக்கன். எவரையும் புண்படுத்தும் எண்ணமின்றி என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். கருவுற்ற கணத்திலிருந்தே அது மனித உயிர் என்பது எங்கள் திருச்சபையின் போதனை. நல்ல நோக்கத்துக்காகவும் அதை அழிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. எப்படியும் அழியப் போகிறதே என்று இங்கே சொல்வார்கள். மரணப் படுக்கையில் இருப்பவரும் எப்படியும் இறக்கப் போகிறவர்தான். அதற்காக அவருடைய உறுப்பை முன்கூட்டியே எடுக்க எவரும் சம்மதிக்க மாட்டோம். தானாக அழிய விடுவதையும், பயன்பாட்டுக்காக அழிப்பதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. தோல் செல்லையே கருவின் செல்லைப் போல மாற்றலாம் என்று ஜப்பானியர் ஒருவர் கண்டுபிடித்து நோபல் பரிசும் பெற்ற பின்பு, கருவைத் தொட வேண்டிய தேவைதான் என்ன?

செல் வளர்ப்பவன், காட்பாடி:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் அதைச் செய்து காட்டினார். 2012இல் நோபல் பரிசைப் பெற்றார். அந்த வகைச் செல்களோடுதான் நானும் பெரும்பாலும் வேலை செய்கிறேன். எனினும் நோயாளிகளிடம் அதிக தூரம் சென்றிருக்கும் சோதனைகளுள் பல இன்னும் கரு வரிசைகளையே நம்பி நிற்கின்றன. பார்க்கின்சன் நோய்க்காக பேயர் நிறுவனத்தின் கீழ் உள்ள புளூராக் சோதித்துவரும் செல்கள் அந்த ஹெச்9 வரிசையில் பிறந்தவை. ஒரு வரிசையை மருந்தாக்கும் அளவுக்குத் தூய்மையாக வளர்த்து, மரபணுக் கோளாறு இல்லை, உள்ளே போனபின் கட்டியாக மாறாது என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த உழைப்பைக் கொட்டிவிட்ட நிறுவனங்கள் நடுவழியில் செல்லை மாற்றத் தயங்குகின்றன. அறக்கேள்விக்கு இது விடையாகாது; அவர்கள் ஏன் மாறவில்லை என்பதற்கான காரணத்தை மட்டுமே சொல்கிறேன். சகோதரிக்குப் பயன்படும் செய்தி ஒன்று இதில் உண்டு. பழைய சில வரிசைகளே பெரும்பாலான தேவையை நிறைவேற்றுவதால், புதிதாகக் கொடுக்கப்படும் கரு மருந்தாகும் வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கவோ, உறையவைக்கும் முறைகளைச் சோதிக்கவோ அவை பயன்படலாம்.

சக்கர நாற்காலி, ஆம்பூர்:

நான் தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவன். பாகாயத்தில் உள்ள மேரி வர்கீஸ் மறுவாழ்வு மையத்தில்தான் மறுபடி உட்காரவும், உடை உடுத்தவும், கடையில் வேலை பார்க்கவும் பழகினேன். இந்த உரையாடலில் யாரும் தொடாத ஒரு பக்கம் இருப்பதால் எழுதுகிறேன்.

கரு ஸ்டெம் செல்லை மனிதருக்குச் செலுத்த அமெரிக்க மருந்துத் துறை முதன்முதலில் அனுமதித்த சோதனை எங்களைப் போன்றவர்களுக்கானது. அதே ஜெரான் நிறுவனம் 2009 ஜனவரியில் அனுமதி பெற்று, 2010 அக்டோபரில் அட்லாண்டாவில் முதல் நோயாளிக்குச் செலுத்தியது. அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்குள் எழுந்த நம்பிக்கையை எழுத்தில் சொல்ல இயலாது. 2011 நவம்பரில் நிறுவனம் சோதனையை நிறுத்திவிட்டது. செல்களால் தீங்கு நேரவில்லை. பணத்தைப் புற்றுநோய் மருந்துகளில் போடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அந்தச் செல்களை வாங்கி, 2014இல் அனுமதி பெற்றுச் சோதனையைத் தொடர்ந்தது. எங்கள் முதுகெலும்பு ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் குணமாக வேண்டும் என்பது அப்போது புரிந்தது. ஆனாலும் கம்பெனி இல்லாமல் இந்த மருந்து வந்திருக்குமா என்றால், வந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் நின்று போனதை இங்கே ஊசியாகப் போடுகிறோம் என்று ஒரு தரகர் என் வீடு தேடி வந்தார். வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவமனை, சில லட்சம் ரூபாய், தங்குமிடத்துடன் தொகுப்பு. என் தந்தை நிலத்தை அடகு வைக்கவும் தயாராக இருந்தார். மறுவாழ்வு மையத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டபோது, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் வழக்கமான மருத்துவமாக ஏற்கவில்லை, மற்றவை பதிவு செய்த சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும், சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று விளக்கினார். தரகரிடம் பதிவு எண்ணைக் கேட்டேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

குடியாத்தம் அம்மாவுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தம்பியிடமும் யாராவது இப்படி வந்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணை முதலில் கேட்கச் சொல்லுங்கள். கருக்களைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப முடிவு. கொடுத்தால், என்னைப் போன்ற ஒருவன் நன்றியோடு நினைப்பான். ஆனால் அது ஊசி வியாபாரியின் கைக்குப் போகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் வாசகி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கணவருக்கும் மாமனாருக்கும் படித்துக் காட்டினேன். மாமனார், கருவைத் தானமாகக் கொடுத்த பிறகு அதன் மேல் வேறொருவன் பட்டா வாங்கலாம் என்றால் அதைத் தானம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்; வேலூர்ப் பெரியவர் சொன்னதிலும் அவருக்கு நாட்டம் இருக்கிறது. கணவர் இன்னும் கொடுக்கவே விரும்புகிறார். வழக்கறிஞர் ஐயா சொன்ன கேள்விகளைத் தமிழில் எழுதி மையத்துக்குக் கொடுக்கப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: பதில் வருவதற்குள் கட்டணக் கெடு முடிந்துவிட்டால், நாங்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களா?

வழக்கறிஞர், ராணிப்பேட்டை:

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வுக்குக் கொடுப்பதற்கு இருவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கட்டாயம். எனினும் கட்டணம் நிலுவையில் இருந்தால் கருக்களை அழியவிடும் உரிமையை மையம் தன் ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். நீங்கள் முதலில் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். இப்போதைக்குக் கட்டணத்தைச் செலுத்தி ரசீது வாங்கிவிடுங்கள். கேள்விகள் அடங்கிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பி, ஆய்வுக்கான பகுதியில் எங்கள் முடிவு நிலுவையில் உள்ளது என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பதில் வந்தபின் இங்கே பதிவிட்டால், நானும் காட்பாடி நண்பரும் படித்துச் சொல்கிறோம்.